வெள்ளிக்கிழமை அழக் கூடாது

கடலுக்குப் போக வெள்ளிக்கிழமையைக் குறித்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றார் என் கணவர். ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரியில் கால் வைக்க இடமிருக்காது, வண்டியை நிறுத்துவதற்கே ஊரைச் சுற்ற வேண்டும் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். உண்மையான காரணம் வேறு. எங்கள் பக்கத்தில் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் யாரும் யாரிடமும் துக்கம் கேட்க மாட்டார்கள். அந்த நாட்களில் அடுத்தவர் வீட்டு அழுகையைத் தொட்டால் அது தன் வீட்டுக்கும் வந்துவிடும் என்று ஒரு பயம். எனக்கு அந்தப் பயம் தேவைப்பட்டது.

என் அக்காவுக்காகத்தான். அவள் விழுப்புரத்தில் இருக்கிறாள். போன ஐப்பசியில் மாமா, அதாவது அவள் கணவர், குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரே பையன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். கருமாதி முடிந்து சனமெல்லாம் கலைந்து போன பிறகுதான் அக்காவுக்கு நிஜமான தொல்லை ஆரம்பித்தது.

சாவுக்கு வர முடியாமல் போனவர்கள் அந்த வீட்டுப் பெண்ணை முதல் தடவை எங்கே பார்க்கிறார்களோ, அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். எங்கள் சனத்தில் அப்படி ஒரு வழக்கம். போனில் விசாரித்ததெல்லாம் சேர்த்தி இல்லை. பஸ் ஸ்டாண்டாக இருந்தாலும் சரி, ரேஷன் கடை வரிசையாக இருந்தாலும் சரி, பிடித்துக்கொள்வார்கள். அவளும் கூடச் சேர்ந்து அழ வேண்டும். அழாமல் நின்றால் 'கல்லு மாதிரி நிக்கிறா பாரு' என்று அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி போய்விடும். அழுது முடித்ததும் வந்தவர்கள் மூக்கைச் சிந்திவிட்டு, என்ன காய் வாங்கினாய் என்று அவள் பையை எட்டிப் பார்த்துவிட்டு, பஸ் வருகிறது என்று ஓடிவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு கடமை முடிந்தது. அக்காவுக்கு முடிவதே இல்லை. மாமா ஊரெல்லாம் பழகிய மனுஷன். துக்கம் கேட்க வேண்டியவர்களும் ஊரெல்லாம் இருந்தார்கள்.

"ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நான் அழுவாம இருந்தா போதும்டி" என்று அவள் போனில் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் அழுகை இல்லை. வேலை செய்து களைத்த குரல் அது. மார்க்கெட்டுக்குப் போனால் யாராவது பிடித்துக்கொள்கிறார்கள் என்று மார்க்கெட்டுக்குப் போவதையே விட்டுவிட்டிருந்தாள். தெருவில் தள்ளுவண்டியில் என்ன வருகிறதோ அதை வாங்கிச் சமைத்தாள். அதுவும் வண்டிக்காரர் புதியவராக இருந்தால்தான்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஒரு நாளை எப்படியாவது அவளுக்குக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். திண்டிவனத்தில் கோர்ட்டுக்கு எதிரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை, கடையில் ஈ ஓட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். கத்திரி முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை பாண்டிச்சேரி போவது. அங்கே எங்களைத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. காலையில் மெதுவாகக் கிளம்பி, நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் கடலில் கால் நனைத்துவிட்டு, நிதானமாகத் திரும்பி வருவது. சாவு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. இவ்வளவுதான் திட்டம். இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

என் கணவர் இருந்தார், கெடுப்பதற்கு. மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், வேலை பார்க்கிறார். நல்ல மனுஷன்தான், யார் கேட்டாலும் சொல்வேன். அவருக்கு இருக்கிற ஒரே வியாதி, போகிற வழியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டைத் தாண்டிப் போக முடியாது. என்னைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோதே வழியில் ஒரு பெரியப்பா வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, "ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்" என்று இறங்கினவர் அவர். அதனால் புதன்கிழமையே அவரை உட்கார வைத்து, வெள்ளிக்கிழமையைக் குறித்ததற்கு உண்மையான காரணத்தைச் சொன்னேன். வழியில் எந்த வீட்டுக்கும் போகக் கூடாது என்றேன். "என்னை என்னான்னு நெனச்ச? எனக்குத் தெரியாதா?" என்றார். நான் நம்பினேன்.

வியாழக்கிழமை விளக்கு வைத்த பிறகு அக்கா வந்தாள். பஸ்ஸில் யார் கண்ணிலும் படாமல் இருக்க முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, திருடி மாதிரி சந்துக்குள் நுழைந்தாள். நான் சட்டென்று உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். அவள் பையில் இன்னொரு புடவை இருந்தது. எதற்கு என்று கேட்டேன். "நனஞ்சா மாத்திக்க" என்றாள். கால் நனைப்பது மட்டும்தான் என் திட்டம். அவள் முழுசாக நனையவே தயாராக வந்திருந்தாள். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

காலையில் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து கட்டிக்கொண்டோம். எங்களிடம் இருப்பது பழைய கார். அதில் ஏ.சி. மழைக்காலத்தில் மட்டும் நன்றாக வேலை செய்யும். ஜன்னலை எல்லாம் இறக்கிவிட்டுக் கிளம்பினோம். அக்கா பின்சீட்டில் என் பக்கத்தில், ஜன்னலோரம். பாண்டி ரோட்டில் திரும்பியதும் அவள் பேச ஆரம்பித்தாள். எதிர்வீட்டுப் பெண் வாங்கின மிக்சி வெடித்த கதை. பையன் ஓசூரில் தானே சமைக்கிறேன் என்று சாம்பாரில் புளிக்குப் பதில் வினிகர் ஊற்றின கதை. மாதக் கணக்கில் யாரும் அவளை இந்த மாதிரிக் கதைகள் சொல்ல விடவில்லை. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. நான் தேவைக்கு மேலேயே சிரித்தேன்.

கிளியனூர் நெருங்கும்போது என் கணவரின் போன் அடித்தது. எடுத்து, "தோ வந்துட்டோம் சித்தி, அஞ்சு நிமிஷம்" என்றார்.

"எங்க வந்துட்டோம்?" என்றேன்.

"நேத்து பேச்சுவாக்குல சித்திகிட்ட பாண்டிக்குப் போறோம்னு சொல்லிட்டேன். வூட்டு வழியா போய்க்கினு எட்டிப் பாக்காம போனா நல்லாவா இருக்கும்?"

"நான் என்னங்க சொன்னேன்? படிச்சுப் படிச்சு சொன்னேனே."

"இன்னிக்குத்தான் வெள்ளிக்கெழமையாச்சே. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு நீதான சொன்ன? தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பிடலாம்."

என் திட்டத்தை எடுத்து என் தலையிலேயே போட்டார். நான் பதில் தேடுவதற்குள் அக்கா, "போலாம் விடுடி, பெரியவங்க" என்றாள். வினிகர் சாம்பார் கதை பாதியில் நின்றது.

என் கணவருக்குச் சித்தி என்றால் எனக்குச் சின்ன மாமியார். முட்டி வலி, எங்கேயும் போக மாட்டார். மாமா சாவுக்கும் வரவில்லை. வாசலில் பெரிய கோலம் போட்டிருந்தது. உள்ளே குத்துவிளக்கு எரிவது தெருவிலிருந்தே தெரிந்தது. சாம்பிராணி வாசனை வந்தது. நாங்கள் காரை விட்டு இறங்கியதும் அந்த முட்டியை வைத்துக்கொண்டு அவர் எப்படி அவ்வளவு வேகமாக வந்தார் என்று தெரியவில்லை. வந்து, இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் கணவரைப் பார்த்து "வாடா" என்றார். அவர் உள்ளே போனார். எங்களைப் பார்த்து, "இரும்மா, செத்த அங்கயே நில்லு" என்றார்.

நான் நின்றேன். அக்கா எனக்கு ஒரு அடி பின்னால் நின்றாள். அவளுக்கு விஷயம் எனக்கு முன்பே புரிந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதம்மா" என்றார் சின்ன மாமியார். அவர் கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது. "வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெளக்கு ஏத்தியிருக்குது. வர்ற புதன்கெழமை பொண்ணுக்கு நிச்சயம். நான் சாவுக்கும் வரல, கருமாதிக்கும் வரல. இந்தப் பொண்ணு மூஞ்சப் பாத்துட்டு அழுவாம எப்பிடி உள்ள கூப்புடறது? அழுவலாம்னா இன்னிக்கு இந்த வூட்டுக்குள்ள அழுவக் கூடாது. நான் என்னா பண்ணுவேன், நீயே சொல்லு."

வெள்ளிக்கிழமையில் துக்கம் கேட்க மாட்டார்கள் என்பது வரைக்கும்தான் நான் யோசித்திருந்தேன். வெள்ளிக்கிழமையில் துக்கக்காரியை வாசல்படி மிதிக்கவும் விட மாட்டார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. இத்தனைக்கும் நான் இதே சனத்தில்தான் பிறந்தேன், இதே சனத்தில்தான் வாழ்க்கைப்பட்டேன்.

"அப்ப நாங்க கெளம்பறோம் அத்தை. நிச்சயமெல்லாம் முடியட்டும், இன்னொரு நாளு வர்றோம்" என்றேன். இதைவிட நல்ல வழி இருக்க முடியாது என்று தோன்றியது. தப்பித்தோம் என்று கூட நினைத்தேன்.

"அதெப்பிடி? வாசல் வரைக்கும் வந்த பொண்ண துக்கம் கேக்காம அனுப்பிட்டான்னு நாளைக்கு ஊரு காறித் துப்பாது?" கேட்டை விடாமல் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. "கொல்லைக்குப் போயிடலாம். மோட்டார் கொட்டாயாண்ட. அங்க ஏது கெழமை?"

அந்த யோசனையில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டுக்கும் தோஷமில்லை, முறையும் கெடவில்லை. பின்கட்டிலிருந்து ஒரு பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏய், விழுப்புரத்துப் பொண்ணு வந்திருக்குது! நீங்களும் துக்கம் கேக்கல இல்ல? ஜல்தி வாங்க, அவுங்க பாண்டிக்குப் போவணும்." உடனே மூன்று பெண்கள் கிளம்பி வந்தார்கள். ஒருத்தி கையில் துடைப்பம் இருந்தது, அதை வேலியில் சாத்திவிட்டு வந்தாள்.

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். "வேணாம்க்கா, காருக்குப் போலாம் வா."

"சும்மா இரு" என்றாள். "இப்ப போனா இதவிட பேஜாரு."

வீட்டுக்குப் பின்னால் வரப்பு வழியாக வரிசையாகப் போனோம். முன்னால் பாயோடு சின்ன மாமியார். வயலில் இருந்த கொட்டகையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்தது. "அத நிறுத்துங்கடி, ஒண்ணும் கேக்காது" என்றார் சின்ன மாமியார். மோட்டார் நின்றது. பாயை விரித்தார்கள். அக்கா போய் நடுவில் உட்கார்ந்தாள். பல் டாக்டர் நாற்காலியில் போய் உட்காருவோமே, அது மாதிரி உட்கார்ந்தாள். சின்ன மாமியார் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என் ராசாத்தி, உன்ன இப்பிடிப் பாக்கவா நான் உசுரோட இருக்கேன்" என்று ஆரம்பித்தார். மற்ற மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். மாமா எவ்வளவு தங்கமானவர், எப்படி ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டார், எப்படி அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார் என்றெல்லாம் சொல்லி அழுதார்கள். அவர்களில் இரண்டு பேர் மாமாவைப் பார்த்ததுகூடக் கிடையாது. அக்காவும் அழுதாள். முறையாக, எங்கே குரல் ஏற வேண்டுமோ அங்கே ஏற்றி, எங்கே நெஞ்சில் கை வைக்க வேண்டுமோ அங்கே வைத்து அழுதாள்.

புல் அறுக்கப் போன ஒரு பெண் வரப்பில் நின்று, "யாரும்மா செத்தது?" என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளும் பாயில் போய் உட்கார்ந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மோட்டாரை நானே போட்டுவிட்டிருப்பேன்.

இத்தனையும் நடக்கும்போது என் கணவர் எங்கே? உள்ளே சித்தப்பாவோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளே போகலாம். அவரும் மாமாவைச் சுடுகாடு வரைக்கும் சுமந்து போனவர்தான். அவர் மேல் எந்தத் துக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

அழுது முடித்ததும் சின்ன மாமியார் தட்டில் மாம்பழம் நறுக்கிக் கொண்டுவரச் சொன்னார். சொம்பில் மோர் வந்தது. எல்லாம் அந்தக் கொட்டாய்க்கே வந்தது. "வெயில்ல போறீங்க, சாப்புடு கண்ணு" என்று அக்காவின் தாடையைப் பிடித்துக் கெஞ்சினார். அவர் அழுதது பொய்யில்லை, கெஞ்சியதும் பொய்யில்லை. அவரை மனசாரத் திட்டவும் முடியாமல் செய்துவிட்டாரே என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. நாங்கள் காருக்குத் திரும்பும்போது அவர் வீட்டுக்குள் போவதைப் பார்த்தேன். படியில் ஏறுவதற்கு முன் குழாயில் காலைக் கழுவி, ஒரு கிண்ணத்திலிருந்து மஞ்சள் தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். அக்காவும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள்.

என் கணவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "போலாமா?" என்றார்.

கார் ரோட்டுக்கு வந்ததும் நான் வெடித்தேன். என்னென்ன சொன்னேன் என்று எல்லாம் ஞாபகமில்லை. அவர் பரம்பரையைப் பற்றிச் சொன்னது ஞாபகமிருக்கிறது. பிரசவத்துக்கு ஆட்டோவை நிறுத்தியதை அன்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வண்டியை ஓட்டினார். கடைசியில், "எனக்கு என்னா தெரியும்? நீதான வெள்ளிக்கெழமைன்னு குறிச்ச?" என்றார். நான் இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

அக்கா முகம் வீங்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று மட்டும் கேட்டாள்.

திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு வந்தது. என் கணவர் தொண்டையைக் கனைத்தார். "வானூர்ல நம்ம..." என்றார்.

"வண்டிய நிறுத்துனீங்க, நான் அக்காவக் கூட்டிக்கினு பஸ்ல போயிடுவேன்."

"இல்ல, வானூர்ல முந்திரி நல்லா இருக்கும்னு சொல்ல வந்தேன்."

அவர் சொல்ல வந்தது அது இல்லை. அவருக்கு வானூரில் ஒரு அத்தை இருக்கிறார்.

பாண்டிச்சேரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது உச்சி வெயிலில். கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டர்தான் சொன்னது, வானத்துக்கு யாரும் சொல்லவில்லை. கடற்கரைச் சாலை முழுவதும் அனல் அடித்தது. எட்டிப் பார்த்தால் கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். கல்லில் அலை மோதியது. அவ்வளவுதான். "மணலு இல்லியா?" என்றாள் அக்கா. இருக்கிறது, சாலையின் ஒரு கோடியில் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் இந்த வெயிலில் அங்கே கால் வைத்தால் வெந்துவிடும் என்று ஐஸ் விற்பவர் சொன்னார். சாயங்காலம் வரச் சொன்னார், ஏதோ அவர் வீட்டுக் கடல் மாதிரி.

பூங்காவுக்குப் போனோம். நிழல் இருந்த பெஞ்சுகளில் எல்லாம் ஜோடி ஜோடியாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஒரு மரத்தடியில் பேப்பரை விரித்து எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். அக்கா கொஞ்சமாகச் சாப்பிட்டாள். நடுவில் என் கணவருக்கு மண்டியிலிருந்து போன்மேல் போன். எங்கள் ஊர் ஆண்களுக்குப் பாண்டி என்றால் ஒரே அர்த்தம்தான், கடல் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. இவர் குடிக்க மாட்டார். ஆனால் யாராவது "எனக்கு ஒண்ணு வாங்கியாந்துடு" என்று கேட்டால் முடியாது என்று சொல்லத் தெரியாது. எந்த பிராண்ட் என்று அவர் மெதுவான குரலில் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் போனைப் பிடுங்கி என் பையில் போட்டேன்.

அக்கா அந்த மாற்றுப் புடவை இருந்த பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டாள். நான் உட்கார்ந்து புழுங்கிக்கொண்டிருந்தேன். அவளை அழாமல் இருக்கக் கூட்டிவந்து, முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில், மோட்டார் கொட்டாயில் உட்கார வைத்து அழவிட்டிருக்கிறேன். விழுப்புரத்திலேயே கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருந்தால் அவளுக்கு அந்த ஒரு நாள் கிடைத்திருக்கும். என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் மணல் இருந்த கோடிக்குப் போனோம். காற்று வந்திருந்தது. கூட்டமும் வந்திருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நின்றாள். அலை வந்து காலுக்கடியில் மண்ணை இழுத்தபோது ஒரு அடி பின்னால் வந்தாள். அதற்கு மேல் இறங்கவில்லை. நனையலாமே என்றேன். "போதும்" என்றாள். கொஞ்ச நேரத்தில் வந்து மணலில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். என் கணவர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு தூரத்தில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நாள் முடிந்தது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அப்போது ஒரு பெண் வந்தாள். அக்கா வயதுதான் இருக்கும். அவித்த மல்லாட்டையை அலுமினிய அன்னக்கூடையில் போட்டு ஈரத்துணியால் மூடி இடுப்பில் வைத்திருந்தாள். அக்கா கேட்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளும் மணலில் உட்கார்ந்தாள். நடந்த கால் வலித்தது போலிருக்கிறது, காலை நீட்டிக்கொண்டு பொட்டலம் கட்டினாள்.

"எந்த ஊரும்மா?"

"விழுப்புரம்" என்றாள் அக்கா.

"இது யாரு, தங்கச்சியா?"

"ஆமா. அதோ போன் பேசிக்கினு நிக்கிறாரே, அவரு இவ வூட்டுக்காரரு."

"உங்க வூட்டுக்காரரு வர்லியா?"

அக்கா கழுத்தில் மெல்லிய சங்கிலி, நெற்றியில் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு. பார்த்தால் ஒன்றும் தெரியாது. இப்போது அவள் 'தவறிட்டாரு' என்பாள். இந்தப் பெண் 'ஐயோ சாமி' என்று கன்னத்தில் கை வைப்பாள், எப்படி, என்ன என்று கேட்பாள், இங்கேயும் ஆரம்பிக்கும். நானே முந்திக்கொண்டு பேச்சை மாற்ற வாயெடுத்தேன்.

"வூட்ல இருக்காரு" என்றாள் அக்கா.

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மல்லாட்டையை உரித்துக்கொண்டே சொன்னாள். "கூப்ட்டா வர மாட்டாரு. கால்ல மண்ணு ஒட்னா புடிக்காது அவருக்கு. செருப்பத் தட்டு, பாயத் தட்டுன்னு உசுர வாங்கிடுவாரு."

"எங்க வூட்லயும் ஒண்ணு இருக்குது" என்றாள் அந்தப் பெண். "கடக்கரையிலயே பொறந்துட்டு, கடக்காத்து ஒத்துக்கலன்னு போத்திக்கினு படுத்துக்குது."

அக்கா சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"சோறு வெச்சிட்டு வந்தியா?" என்றாள் அந்தப் பெண்.

"வெச்சிட்டுத்தான் வந்தேன். போட்டுத் துன்ன மாட்டாரே. நான் போயி தட்டு வெக்கிற வரைக்கும் டிவியப் பாத்துக்கினு உக்காந்திருப்பாரு. கேட்டா, உன் கையால போட்டாத்தான் எறங்குதுன்னு ஒரு ஐஸு வேற."

இரண்டு பேரும் புருஷன்மார்களைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். குறட்டை, காசைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டுத் தேடுவது, காய்ச்சல் வந்தால் ஊரையே கூட்டுவது. அக்காவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மாமாவைப் பற்றி அவளிடம் பேசாத ஆள் பாக்கியில்லை. எல்லோரும் அவர் தங்கம் என்று சொல்லி அழுதார்கள். அவரைப் பற்றிக் குறை சொல்ல ஒருத்தரும் அவளை விடவில்லை. கூடப் பிறந்த நானும்தான் விடவில்லை.

என் கணவர் போனை வைத்துவிட்டு வந்தார். அந்தப் பெண் பெரிதாக இன்னொரு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். "உங்க வூட்டுக்காரருக்கும் எடுத்துக்கினு போம்மா. வரலன்னாலும் வாயி சும்மா இருக்குமா?" என்று அக்காவிடம் சொன்னாள். என் கணவர் முகம் மாறியது. அவர் வாயைத் திறந்தார். இந்த மனுஷன் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும், முறை தெரிந்தவர். அவர் காலை என் காலால் அழுத்தி மிதித்தேன். அவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் பொட்டலத்துக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணனுக்கா?" என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நல்லா வெந்ததா பாத்துப் போடும்மா. அவருக்குப் பல்லு வலி."

பொய் சொல்வதென்று இறங்கிவிட்டால் அவருக்கு அளவு தெரியாது.

"யாரு சொன்னது பல்லு வலின்னு?" என்று அக்கா அவர் பக்கம் சீறித் திரும்பினாள். "கரும்ப வாயாலயே உரிப்பாரு அவரு. நீங்க ஒண்ணும் கெளப்பி வுடாதீங்க."

"சரிங்க அண்ணி" என்றார் என் கணவர்.

இருட்டும் நேரத்தில் கிளம்பினோம். கிளியனூர் வந்தபோது அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. அக்கா பின்சீட்டில் மடியில் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உரித்தாள். தோலைப் பிளக்கும் சத்தம் ரோடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அது மாமாவுக்கு வாங்கிய பொட்டலம். திண்டிவனம் வருவதற்குள் அதைக் கடைசி மல்லாட்டை வரைக்கும் அவளே தின்று முடித்தாள். எங்களுக்கு ஒன்றுகூட நீட்டவில்லை. நாங்களும் கேட்கவில்லை.